குடலிறக்கம் என்று சொல்லிவைத்த புண்

மாசி மாதக் கடைசி வியாழக்கிழமை திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் என் ஆணுறுப்புக்குள் ஒரு செயற்கைக் கருவியை வைத்துத் தைத்தார்கள். அன்று தொடங்கிப் பங்குனித் திருவிழா முடியும்வரை நான் பட்ட வலியையும், வலியைவிடப் பெரிதாகப் பட்ட அருவருப்பையும், அதற்கு நடுவில் நம் ஊர் அம்மன் ஆத்தா எனக்குச் செய்த உதவியையும் அடியார்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

திருவிழா மலர்க் குழுவில் இருப்பவர்கள் நல்லவர்கள். "ஒரு சிறு அறுவை சிகிச்சை என்று மட்டும் போட்டால் போதாதா, பெண்களும் வாசிப்பார்களே" என்று கேட்டார்கள். அப்படியும் எழுதிப் பார்த்தேன். வாசித்தபோது எனக்கே குமட்டியது. சாமியிடம் வாங்கிய உதவியைச் சொல்லும்போது எந்த இடத்தில் வாங்கினோம் என்பதை மறைத்தால் அது சாட்சியாகாது. ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். அவர்களைவிட அதிகம் சுளித்தவன் நான்.

என்னைப் பலருக்குத் தெரியும். பொன்னமராவதியில் உரக்கடை வைத்திருக்கிறேன். எந்த நாளில் எவ்வளவு மழை பெய்தது, எந்த ஆண்டு கண்மாய் நிறைந்தது, எந்தத் திருவிழாவில் தேர் அச்சு முறிந்தது என்று கேட்டால் என்னிடம்தான் வருவார்கள். படிப்பும் குறிப்பெடுப்பும் சிறு வயதிலிருந்தே உள்ள பழக்கம். ஊரில் நடந்ததை எல்லாம் தேதி போட்டு எழுதிவைத்த நான், என் வீட்டுக்குள் நடந்த ஒன்றை மட்டும் எழுதவில்லை. பல வருடச் சர்க்கரை நோய் என் ஆண்மையைத் தின்றுவிட்டது. அது என்று போனது என்று எனக்கே சரியாகத் தெரியாது.

முதலில் மாத்திரை. அது கொஞ்ச காலம் கேட்டது, பிறகு கேட்கவில்லை. பிறகு சுவர்களில் ஒட்டியிருப்பதை வாசிக்க ஆரம்பித்தேன். பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரில், மூத்திர நாற்றத்துக்கு நடுவே, 'இழந்த வாலிபம் திரும்பும்' என்று ஒட்டியிருப்பார்களே, அதை நின்று வாசிக்கும் நிலைக்கு வந்தேன். ஒரு விடுதி அறையில் ஒரு வைத்தியனைப் போய்ப் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்து மீன் குழம்புச் சோறு தின்றுகொண்டிருந்தான். கையைக் கைலியில் துடைத்துக்கொண்டே, "கலியாணத்துக்கு முன்னால கெட்ட பழக்கம் உண்டுமா?" என்று கேட்டான். நான் பதில் சொல்லுமுன்பே, "இருந்திருக்கும்" என்று தானே சொல்லிக்கொண்டு ஒரு டப்பாவை நீட்டினான். அந்த லேகியம் பழைய செருப்பை வெல்லப்பாகில் ஊறவைத்த மாதிரி இருந்தது. அதையும் தின்றேன். இப்போது நினைத்தாலும் தொண்டை கசக்கிறது. அவனை நினைத்து அருவருப்பா, அதை நக்கித் தின்ற என்னை நினைத்து அருவருப்பா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கடைசியில் சர்க்கரைக்குப் பார்க்கும் மருத்துவர்தான் திருச்சியில் ஒரு சிறுநீரகவியல் மருத்துவரிடம் அனுப்பினார். அவர் ஒரு படத்தைக் காட்டி விளக்கினார். உறுப்புக்குள் இரண்டு குழாய்கள், விதைப்பையில் ஒரு சிறிய அமுக்கி, அடிவயிற்றில் உப்புநீர் நிறைந்த ஒரு பை. அமுக்கினால் நீர் குழாய்க்குள் ஏறும், வேண்டாதபோது இறக்கிவிடலாம். "ஒரே ஒரு பயம்தான்" என்றார். "கிருமி உள்ள போயிருச்சுன்னா மொத்தத்தையும் எடுத்துரணும். எடுத்த பிறகு சதை சுருங்கிப் போயிரும். மறுபடி வைக்கறது கஷ்டம். சர்க்கரை இருக்கறவங்க ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்."

பிறகு என் மனைவி சரோஜாவைப் பார்த்து, "உங்க அபிப்பிராயம் என்னம்மா?" என்று கேட்டார்.

சரோஜா சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "இத்தன வருசமா இவுகளுக்கு எம் மேலதான் அருவருப்பாப் போச்சு போலன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் சார்."

எந்தச் செவ்வாய்க்கிழமை தூறல் போட்டது என்று சொல்லத் தெரிந்த எனக்கு இது தெரியாது. அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை எனக்கு. அன்றே சம்மதித்தேன்.

ஊருக்கு என்ன சொல்வது என்பது அடுத்த கேள்வி. குடலிறக்கம் என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். அடிவயிற்றில் தையல் இருக்கும், நடை மாறும், கனம் தூக்கக் கூடாது. எல்லாம் பொருந்தியது. திருக்கோகர்ணத்தில் இருக்கும் என் அக்கா அழகம்மாளிடமும் அதையே சொன்னேன். அக்கா சும்மா இருப்பவளா? தை மாதக் கடைசி வெள்ளியில் நம் கோயிலுக்கு வந்து, "எந்தம்பிக்குக் குடலெறக்க ஆப்பரேசன் நல்லபடியா முடிஞ்சா, பங்குனித் திருநாளுக்கு அவன் ஈரத்துணியோட உருண்டு வருவான் ஆத்தா" என்று நேர்ந்துகொண்டு போய்விட்டாள். அங்கப்பிரதட்சணம். ஈரத்தோடு குப்புறவும் மல்லாந்தும் கருங்கல் தரையில் கோயிலைச் சுற்றி உருளும் நேர்த்திக்கடன். எந்த உறுப்பில் கத்தி படப்போகிறதோ அதன் மேலேயே உருளவேண்டிய நேர்த்திக்கடன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அறுவை முடிந்து மயக்கம் தெளிந்ததும் வலி வந்தது. அதற்கு உவமை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. உறுப்புக்குள் எதையோ முழுசாகச் செருகி, வெளியே வர விடாமல் தைத்திருக்கிறார்கள். அதுதான் நடந்தது, அப்படியேதான் வலித்தது. மூத்திரக் குழாய் வேறு. கட்டிலோரம் தொங்கும் பையில் என் மூத்திரம் இளஞ்சிவப்பாகச் சேர்வதை வருகிறவர் போகிறவர் எல்லாரும் பார்த்துக்கொண்டு போனார்கள்.

செவிலிப் பெண் வந்து, "வலி பத்துக்கு எத்தன சார்?" என்று கேட்டாள். பக்கத்துக் கட்டில்காரரின் சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு" என்றேன்.

"ரெண்டுன்னா கட்டில் கம்பிய இப்படிப் புடிச்சுக்கிட்டு இருக்க மாட்டீங்களே."

"அப்ப நீங்களே பாத்துப் போட்டுக்கங்க."

அவள் சிரிக்கவில்லை. ஊசி போட்டுவிட்டு, "வலி உச்சிக்கு ஏறுன பெறகு மாத்திரை தேடாதீங்க. ஏறுறதுக்கு முன்னாடியே நேரத்துக்குப் போட்டுரணும். பொறுத்துக்கிட்டா யாரும் மெடல் குடுக்க மாட்டாங்க" என்றாள். வீட்டுக்கு அனுப்பும்போது இன்னும் சொன்னார்கள். மல்லாந்துதான் படுக்க வேண்டும். இறுக்கமான உள்ளாடை போட்டு உறுப்பை வயிற்றோடு மேல்நோக்கி வைத்திருக்க வேண்டும். வீக்கத்துக்குத் துணியில் சுற்றிய பனிக்கட்டியைக் கொஞ்ச நேரம் வைத்து எடுக்க வேண்டும். மலம் இறுகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குத்தவைக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது. காய்ச்சல், சிவப்பு, சீழ், வலி குறையாமல் கூடுதல், இதில் எது வந்தாலும் உடனே வர வேண்டும். சூடு கூடவே கூடாது என்று தனியாகச் சொன்னார்கள். சர்க்கரைக்காரனின் தோலுக்குச் சூடு தெரியாதாம்.

வாடகைக் காரில் ஊர் திரும்பினோம். ஒவ்வொரு வேகத்தடையும் என் விதைப்பையில் ஏறி இறங்கியது.

வீட்டில் கட்டைப் பிரித்துப் பார்த்த காலை மறக்காது. கத்தரிக்காய் நிறம். அளவும் கத்தரிக்காய்தான், நல்ல விளைந்த காய். மஞ்சளும் கருநீலமுமாகத் தொடைவரை ரத்தம் கன்றியிருந்தது. பங்குனி வெக்கையில் வேர்வையும் மருந்தும் உலர்ந்த ரத்தமும் சேர்ந்து ஒரு வாடை. அது என் உடம்பிலிருந்து வருகிறது என்று தெரிந்ததும் வாந்தி எடுத்தேன். எடுத்தபோது தையல் இழுத்தது. வலியில் இன்னொரு முறை எடுத்தேன்.

சரோஜா எல்லாவற்றையும் செய்தாள். நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள், கழுவினாள், துடைத்தாள், மருந்து வைத்தாள். என்னால் அவள் கையைப் பார்க்க முடியவில்லை.

"விடு. நானே பாத்துக்குறேன். ஒனக்கு அசிங்கமா இல்லையா?"

"பிள்ளைக்குப் பீ அள்ளுனப்ப நீங்கதான் தூரமா நின்னு மூக்கப் பொத்துனீங்க. நான் பொத்தல. காலத் தூக்குங்க" என்றாள்.

பார்க்க வந்தவர்கள் தனித் தொல்லை. கடைக்கு வாடிக்கையாக வரும் சோலையப்பன் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பனிக்கட்டிப் பாத்திரத்தைப் பார்த்தார்.

"என்னண்ணே, ஐஸு போட்டுக் கலர் சோடா சாப்புடுறீகளா?"

"வீக்கத்துக்கு."

"குடலெறக்கத்துக்கு யாருண்ணே ஐஸு வக்கிறது? எங்க மச்சான் ஆப்பரேசன் பண்ணி அடுத்த வாரமே டிராக்டர் ஓட்டுனான். நீங்க என்னடான்னா புள்ளபெத்தவ மாதிரி படுத்துக் கெடக்குறீக."

நான் சிரித்தேன். சிரித்தாலும் வலித்தது. இப்படி யாராவது வந்து உட்கார்ந்தால் பனிக்கட்டி வைக்க முடியாது. உள்ளாடையைச் சரிசெய்ய முடியாது. மாத்திரை நேரம் தவறும். பொய்க்குத் தகுந்த மாதிரி நடிக்கப் போய் என் வலியை நானே வளர்த்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் நான் சாமி கும்பிடவில்லை. விளக்கு இருக்கும் அறைப்பக்கமே திரும்பவில்லை. கண் வலித்தால் ஆத்தாளிடம் சொல்லலாம், வெள்ளியில் கண் செய்து போடலாம். கால் ஒடிந்தால் கால் செய்து போடலாம். கோயில் வாசல் கடையில் கை, கால், கண், முழு ஆள் உருவம் எல்லாம் தகட்டில் தொங்குகின்றன. இந்த உறுப்பு அங்கே தொங்கவில்லை. இதை எப்படி அவள் முன்னால் கொண்டுபோவது? வாயில் வைத்துச் சொல்லவே கூசிய ஒன்றை நெஞ்சில் வைத்துக்கொண்டு கும்பிட எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆகவே என் வலிக்கு நான் மட்டுமே துணை.

பங்குனி இரண்டாம் ஞாயிறு அக்கா வந்தாள். திருவிழா முடியும்வரை தங்குவதாகப் பையோடு வந்தாள். வீக்கம் என்று கேள்விப்பட்டதும், "ஐஸ் வச்சா நீரு கோத்துக்கும்டா, அறிவு கெட்டவனே" என்று கல்லுப்பை வாணலியில் வறுத்துத் துணியில் முடிந்து கொண்டுவந்தாள். சரோஜா அப்போது கோயிலில் கோலம் போடப் போயிருந்தாள்.

"உப்பு ஒத்தடம் குடு. நான் அங்கிட்டு நிக்கிறேன்."

"டாக்டர் சூடு கூடாதுன்னாருக்கா."

"குடலெறக்கத்துக்குச் சூடு ஆகாதுன்னு எந்த டாக்டர்டா சொன்னான்? எம் மாமனாருக்கு நாந்தானே வச்சேன்."

குடலிறக்கம் இல்லை என்று சொல்லாமல் அந்த முடிச்சை மறுக்க வழியில்லை. அவள் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "வச்சியா? வச்சியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வைத்ததாகப் பாவனை செய்திருக்கலாம். ஆனால் அன்று வலியில் எனக்கு யோசனை கலங்கியிருந்தது. வைத்தேன். இதமாக இருந்தது. அதுதான் கொடுமை. சூடு தெரியவே இல்லை.

மறுநாள் அந்த இடம் சிவந்து, தோல் கொப்புளித்து, பழைய அளவுக்கு வீங்கிவிட்டது. வலி கூடியது. சரோஜாவிடம் சொல்லவில்லை. விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டு. திருவிழாவில் நேர்த்திக்கடன் செய்கிறவர்கள் அன்று கோயிலில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வோம். கட்டிய பிறகு திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டி இரவு தங்கக் கூடாது. நம் ஊரில் பிறந்த யாரும் அதை மீறியதில்லை. காலையில் எழும்போதே உடம்பு காந்தியது. வெயில்தான் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அக்கா கையைப் பிடித்து அழைத்துப்போக, கால் அகட்டி நடந்து போய்க் காப்புக் கட்டிக்கொண்டேன். காய்ச்சலோடு காப்புக் கட்டிக்கொண்டவன் நம் ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வீடு திரும்பும்போது பல் கிட்டித்தது. சரோஜா நெற்றியில் கை வைத்தாள். வேட்டியை விலக்கிப் பார்த்தாள். உடனே மருத்துவமனைக்குத் தொலைபேசி போட்டாள்.

"ஒடனே கூட்டிட்டு வாங்கம்மா. சீழ் பிடிச்சிருந்தா அட்மிட் பண்ணி எல்லாத்தையும் எடுக்க வேண்டியிருக்கும்" என்று அந்தப் பக்கம் சொன்னது எனக்கே கேட்டது.

அக்கா வாசலை மறித்துக்கொண்டாள். "காப்புக் கட்டுன கையோட ஊரத் தாண்டித் தங்குவியளா? ஆத்தா சும்மா விடுவாளா? ரெண்டு மாத்திரையப் போட்டுட்டுப் படுக்கச் சொல்லு."

"அண்ணி, வழிய விடுங்க. பொழுதடையறதுக்குள்ள வந்துருவோம்."

"அட்மிட்டுங்குறானே."

இருவரும் வாசலில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கட்டிலில் மல்லாந்து கிடந்தேன். எல்லாம் போகப்போகிறது. இத்தனை வலியும், இத்தனை நாற்றமும், சரோஜாவின் கையும் வீணாகப் போகப்போகின்றன. மறுபடி அவள் என்னைப் பார்த்து, தன் மேல் அருவருப்பு என்று நினைத்துக்கொண்டே கிழவியாகப் போகிறாள். அப்போதுதான் என் வாய் திறந்தது. வாய்விட்டே சொன்னேன், வாசல் சத்தத்தில் அது அக்கா காதில் விழவில்லை.

"ஆத்தா, எனக்குக் குடலிறக்கம் இல்லை. என் ஆணுறுப்பில் ஆப்பரேசன். அதில்தான் புண். அது வெந்து நாறிக் கிடக்கிறது. எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை. உன்னிடம் சொல்ல அசிங்கப்பட்டேன். அதைக் காப்பாற்றிக் கொடு. இன்றைக்கே என்னை ஊருக்குத் திருப்பி அனுப்பு. இனி இந்தப் பொய்யைச் சொல்லமாட்டேன்."

அவ்வளவுதான். மந்திரமில்லை, பாட்டுமில்லை. சொல்லி முடித்ததும் வலி போய்விடவில்லை. ஆனால் பல நாளாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவன் விட்டது போல இருந்தது. வாசலில் சரோஜா ஒருவழியாக அக்காவைச் சம்மதிக்க வைத்து, வாடகைக் காரை வரவழைத்திருந்தாள். அக்காவும் காரில் ஏறிக்கொண்டாள். வழிநெடுக அவள் கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

மருத்துவமனையில் அக்காவை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னைப் பரிசோதித்தார்கள். மருத்துவர் பார்த்ததும், "சூடு வச்சீங்களா?" என்றுதான் கேட்டார். வாணலியில் வறுத்த உப்பில் ஒத்தடம் என்றேன். அவர் முகத்தில் வந்ததும் அருவருப்புதான், ஆனால் புண்ணைப் பார்த்து இல்லை, என் புத்தியைப் பார்த்து. ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள், வயிற்றிலும் கீழேயும் ஸ்கேன் செய்தார்கள். காத்திருந்தோம். சன்னலில் வெயில் சாயத் தொடங்கியிருந்தது. சரோஜா என் காப்புக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருத்துவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். "கருவியச் சுத்தி நீரோ சீழோ எதுவும் இல்ல. தையல் பிரியல. மேல்தோல்தான் வெந்திருக்கு. காய்ச்சலுக்குக் காரணம் சிறுநீர்ல கிருமி, டியூப் போட்டதால வர்றது. மருந்து குடுத்தா அடங்கிரும். கொப்புளத்துக்கு மருந்து கட்டி விடுறேன். வீட்டுக்குப் போங்க. நாளன்னைக்கு வந்து காட்டுங்க. காய்ச்சல் திரும்பக் கூடுச்சுன்னா உடனே வாங்க."

"தங்க வேண்டாமா சார்?" என்று சரோஜா கேட்டாள்.

"எதுக்கு? உங்க வீட்ல வாணலி இருக்கற வரைக்கும்தான் பயம்."

அவருக்கு அது அன்றாடச் செய்தி. எனக்கு இல்லை. விரல் அகல இடைவெளியில் கிருமி இருந்திருக்கிறது, சூடு இருந்திருக்கிறது, சர்க்கரை இருந்திருக்கிறது. உள்ளே போகவில்லை. படித்தவன்தான் நான். காரணம் தேடினால் எதற்கும் ஒரு காரணம் கிடைக்கும். நான் கேட்டவை இரண்டு, இரண்டும் கிடைத்தன. அதைத்தான் எழுதுகிறேன்.

திரும்பும் வழியில், விராலிமலை தாண்டியதும், வாக்கைக் காப்பாற்றினேன்.

"அக்கா, எனக்குக் குடலிறக்கம் இல்லை." பிறகு முழுவதும் சொன்னேன். டிரைவர் பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார். கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "அப்ப அன்னைக்கு உப்ப எங்கடா வச்ச?"

"அங்கதான்."

"அட கிறுக்குப் பயலே." முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது சிரிப்பில். பிறகுதான் அழுதாள். "சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே. நானே ஒன்ன வேக வச்சிட்டேனே. ஏத்தா சரோஜா, நீயாச்சும் சொல்லக் கூடாதா?"

"இவுக சத்தியம் வாங்கிட்டாக அண்ணி."

"பெரிய சத்தியம்." மூக்கைச் சிந்தினாள். "உருள முடியுமாடா ஒன்னால?"

"குப்புறப் படுக்கவே கூடாதுன்னுட்டாரு."

"அப்ப விடு. நேந்தவ நான். நானே உருளுறேன்."

"ஒனக்கு முட்டி வலிக்கா."

"முட்டி எனக்குத்தானடா வலிக்கும்."

பொழுது அடையுமுன் ஊர் எல்லைக்குள் வந்துவிட்டோம். அன்றிலிருந்து மாத்திரையை நேரத்துக்குப் போட்டேன். யார் வந்து உட்கார்ந்தாலும், "கொஞ்சம் வெளிய இருங்க" என்று சொல்லிவிட்டுப் பனிக்கட்டியை வைத்தேன். மூன்று நாளில் காய்ச்சல் இறங்கியது. கொப்புளம் காய்ந்தது. வீக்கம் மெல்ல மெல்ல வடிந்தது. சரோஜா கழுவும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்வதை நிறுத்த இன்னும் கொஞ்ச நாள் ஆயிற்று.

திருவிழா அன்று காலை அக்கா சேலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். குடத்தோடு நின்ற பூசாரி என்னைப் பார்த்தார். "என்னத்தா, தம்பி உருளலையா? அவம் பேருலதானே நேந்தே?"

"அவனுக்கு ஆம்பள எடத்துல ஆப்பரேசன். குப்புறப் படுக்கக் கூடாதாம். நான் உருளுறேன், தண்ணிய ஊத்து" என்றாள் அக்கா. மெதுவாகப் பேசத் தெரியாதவள் அவள். மேளம் வேறு அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது.

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சோலையப்பன் என்னைத் திரும்பிப் பார்த்தார், பிறகு கீழே பார்த்தார், பிறகு தன் காலைப் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பூசாரி அக்காவின் தலைக்கு மேல் குடத்தைத் தூக்கினார். பிறகு, "ஆத்தா கொடுத்த ஒடம்புல எந்த எடமா இருந்தா என்ன" என்று சொல்லிக் குடத்தைக் கவிழ்த்தார். அக்கா படுத்தாள். சரோஜா கூடவே குனிந்து நடந்து, அவள் சேலை விலகாமல் பார்த்துக்கொண்டாள். நான் பின்னால் கால் அகட்டி நடந்தேன். முழு ஊரும் பார்க்க நடந்தேன். வானம் இடிந்து விழவில்லை.

சித்திரையில் மருத்துவமனைக்குப் போய்க் கருவியை இயக்கக் கற்றுக்கொண்டேன். முதல்முறை அமுக்கியபோது கண்ணில் நீர் வந்தது. போகும் முன்பே வலி மாத்திரை போட்டுக்கொண்டு போகச் சொல்லியிருந்தார்கள், போட்டிருந்தும் வலித்தது. தினமும் பழகப் பழகக் குறையும் என்றார்கள். குறைந்தது. சர்க்கரைக்காரர்களுக்கு வலி அடங்கக் கொஞ்சம் கூடுதல் காலம் ஆகும் என்றும் சொன்னார்கள். எனக்கு ஆடி வரை ஆயிற்று. இப்போது இல்லை. எங்கள் வீட்டுக்குள் உள்ளதை இதற்கு மேல் எழுதத் தேவையில்லை. சரோஜா முன்பு நினைத்ததை இப்போது நினைப்பதில்லை. அது போதும்.

அதன் பிறகு கடைக்கு உரம் வாங்க வருகிறவர்களில் சிலர், மூட்டையை வண்டியில் ஏற்றிய பிறகும் போகாமல் நிற்கிறார்கள். மற்றவர்கள் போகட்டும் என்று காத்திருந்து, "அண்ணே, அன்னைக்கு அக்கா கோயில்ல சொன்னாகளே" என்று தொடங்குகிறார்கள். ஒருவர் நான் தின்ற அதே லேகியத்தைத் தின்றுகொண்டிருந்தார். ஒருவர் அறுவை முடிந்தும் வெட்கத்தில் வலியைச் சொல்லாமல் மாத்திரையை மடித்து வைத்திருந்தார். எல்லாருக்கும் தெரிந்த மருத்துவரைச் சொல்லி அனுப்புகிறேன். கழிப்பறைச் சுவரில் அந்த விளம்பரங்களைப் பார்க்கும்போது இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது. அந்தக் குமட்டல் எனக்குப் போக வேண்டாம். என் உடம்பைப் பார்த்து வந்த குமட்டல் போய்விட்டது. செவ்வாய்தோறும் விளக்கேற்றும்போது அதற்காக நன்றி சொல்கிறேன்.

அடியார்களே, உங்களில் யாருக்காவது சொல்ல முடியாத இடத்தில் நோய் இருக்கலாம். மூலமாக இருக்கலாம், மார்பாக இருக்கலாம், கருப்பையாக இருக்கலாம், என்னுடையது போலவும் இருக்கலாம். மருத்துவரிடம் வலியைக் குறைத்துச் சொல்லாதீர்கள். வீட்டில் வேறு பெயர் வைத்துச் சொல்லாதீர்கள். ஆத்தாளிடம் போகும்போது அந்த இடத்தின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். அவள் முகம் சுளிக்கமாட்டாள்.